அப்புறம் டீச்சர்

என் தங்கையை இந்தத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. "அப்புறம் டீச்சர்" என்றுதான் சொல்வார்கள். அவள் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள், என் முகத்துக்கு நேரேதான் சொல்வார்கள். நான் வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வந்து, தளர்ந்துபோன ஃபிரேமை மேஜைமேல் வைத்துவிட்டு, "என்னம்மா, அப்புறம் டீச்சர் சௌக்கியமா? என் பொண்ணுக்கு அந்த 'அப்புறம்' எப்ப வரும்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்களேன்" என்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே ஃபிரேமைச் சூடுகாட்டி வளைப்பேன். உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வரும்.

அவள் புல்லாங்குழல் சொல்லித் தருகிறாள். சொல்லித் தருகிறாள் என்பதைவிட, சொல்லித் தராமல் திருப்பி அனுப்புகிறாள் என்பது இன்னும் பொருத்தம். யாராவது பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மாடியேறி வந்தால், உட்காரக்கூடச் சொல்லாமல் முதலில் "ஈ காட்டு" என்பாள். பிள்ளை ஈயென்று பல்லைக் காட்டும். முன்பல் இரண்டும் விழுந்திருந்தால் முடிந்தது கதை. "பல்லு முளைக்கட்டும். அப்புறம் பார்க்கலாம்." பல் இருந்தால் அடுத்தது விரல். பழைய குழல் ஒன்றைக் கையில் கொடுத்து, துளைகளை விரல் சதையால் மூடச் சொல்வாள். கொஞ்ச நேரம் கழித்துக் கையைத் திருப்பிப் பார்ப்பாள். ஒவ்வொரு விரலிலும் துளையின் வட்டம் முழுசாகப் பதிந்திருக்க வேண்டும். ஒரு விரலில் வட்டம் பாதியாக இருந்தால் காற்று கசியும் என்று அர்த்தம். "விரல் கொஞ்சம் வளரட்டும். அப்புறம்."

அதையும் தாண்டினால் காலி சோடா பாட்டில். அதன் வாயில் உதட்டை வைத்து ஊதிச் சத்தம் வரவழைக்க வேண்டும். ஊதிவிட்டுத் தலை சுற்றுகிறது என்று பிள்ளை சுவரைப் பிடித்தால் அப்புறம். சத்தம் வராமல் கோபம் வந்து பாட்டிலைத் தூக்கிப் போட்டால் கண்டிப்பாக அப்புறம். கடைசியாக ஒரு வகுப்பு முழுவதும் மூலையில் உட்கார்ந்து மற்றவர்கள் ஊதுவதைக் கேட்க வேண்டும். கேட்கிற நேரத்தில் அம்மாவைத் தேடக் கூடாது, மின்விசிறியை அண்ணாந்து பார்க்கக் கூடாது, தூங்கக் கூடாது. பெரியவர்களையே இப்படி உட்காரவைக்க முடியாது, என் வீட்டுக்காரரை உட்காரவைத்துப் பார்த்தால் தெரியும்.

இதனால் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. மாடிப்படி ஏறும்போதே பல்லைக் காட்டிக்கொண்டு ஏறுவார்கள். கதவைத் திறந்தால் வாசலில் ஒரு அம்மாவும், ஈயென்று இளித்தபடி ஒரு பிள்ளையும் நிற்கும். காய்கறிக்காரர் மகன் குழலுக்கே வரவில்லை, மிச்சச் சில்லறையைக் கொடுக்க வந்தான். அவனும் என்னைப் பார்த்ததும் பல்லைக் காட்டினான்.

பெற்றோர்களின் அவசரம் அதற்குமேல். ஒரு தடவை ஒரு பேங்க்காரர் நாலு வயதுப் பையனோடு வந்தார். கையில் புத்தம்புதுக் குழல், பையனைவிட நீளம். பையன் அதைக் கண்ணில் வைத்து ஜன்னல் வழியாக எதிர்வீட்டைப் பார்த்தான், பிறகு அப்பாவின் முழங்காலில் ஓங்கி ஒரு போடு போட்டான். என் தங்கை வழக்கம்போல "அப்புறம்" என்றாள். அவர் வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"என்னங்க இது, நாலு வயசுலயே இவன் ஃபோன்ல எல்லாம் பண்றான் தெரியுமா?"

"அப்ப ஃபோனையே ஊதச் சொல்லுங்க சார்" என்றேன். அன்றிலிருந்து அவர் கண்ணாடியை வேறு கடையில் சரிசெய்துகொள்கிறார்.

இன்னொரு அம்மா அவரையும் மிஞ்சியவள். மகளுக்கு முன்பல் இல்லை என்று திருப்பி அனுப்பியதும் ஒரு நிமிடம் யோசித்தாள். "பல்லுதானே டீச்சர் பிரச்சனை? டாக்டர்கிட்ட சொல்லி ரெண்டு பல்லு கட்டிட்டு வந்துடறோம்" என்றாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, டாக்டர் எப்போது இருப்பார் என்றுகூட என்னிடம் விசாரித்தாள். "ஏம்மா, தானா முளைக்கப்போற பல்லுக்கு என்ன அவசரம்?" என்று கேட்டேன். "இவ பெரியப்பா பொண்ணு ஏற்கெனவே மேடை ஏறிட்டாளே!" என்றாள். அந்தப் பிள்ளை அம்மாவின் புடவைக்குப் பின்னால் நின்று பொக்கைவாயால் சிரித்தது. எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

இந்த விஷயத்தில் எல்லாம் நான் தங்கை பக்கம்தான். அதைச் சொல்லிவிட வேண்டும். நான் அவள்மேல் கோபப்படுவேன், கத்துவேன், ஆனால் வெளியாள் ஒருவர் அவளைச் சொன்னால் விட மாட்டேன். என் கோபம் வேறு விஷயத்தில். என் மகள் விஷயத்தில்.

நாங்கள் இருப்பது இரண்டாவது மாடியில். நான், என் வீட்டுக்காரர், எங்கள் ஒரே மகள், என் தங்கை. தெருவைப் பார்த்த முன்னறையில் அவள் வகுப்பு நடக்கிறது. அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அது தனிக்கதை, கேட்டால் அவளும் சொல்ல மாட்டாள், நானும் சொல்ல மாட்டேன். மகளை நாங்கள் வாண்டு என்று கூப்பிடுவோம். வாண்டு நடக்கப் பழகியதே சித்தியின் பின்னால்தான். சித்தி துண்டை மூன்றாக மடித்தால் இவளும் மூன்றாக மடிப்பாள். சித்தி காபியை ஆற்றாமல் குடித்தால் இவளும் பாலை ஆற்றாமல் குடித்து நாக்கைச் சுட்டுக்கொள்வாள். சித்தி யோசிக்கும்போது அவள் உதடு இடது ஓரமாகக் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும். கணக்குப் போடும்போது இவளுக்கும் அதே இழுப்பு. "பெத்தது நீ, பிரதி எடுத்தது உன் தங்கச்சி" என்பார் என் வீட்டுக்காரர்.

அப்படிப்பட்ட பிள்ளை குழல் கேட்காமல் இருக்குமா? பேசத் தெரிந்த நாளிலிருந்து கேட்டாள். வகுப்பு நடக்கும் நேரமெல்லாம் முன்னறைக் கதவோரம் உட்கார்ந்து, குழம்புக் கரண்டியைக் குறுக்கே வாயில் வைத்துக்கொண்டு விரலை ஆட்டிக்கொண்டிருப்பாள். நான் கரண்டியைத் தேடிச் சமையலறையில் அலைவேன்.

முன்பல் விழுந்திருந்தபோது என் தங்கை "பல்லு முளைக்கட்டும்" என்றாள். நியாயம், ஊருக்கெல்லாம் ஒரு சட்டம், வீட்டுக்கு மட்டும் வேறா என்று நான் வாயைத் திறக்கவில்லை. பல் முளைத்தது. நன்றாக அகலமாக, முறம் மாதிரி முளைத்தது. "விரல் பத்தாது" என்றாள். சின்னப் பிள்ளைகளுக்கென்று அலமாரியில் சின்னக் குழல்கள் இருக்கின்றன, அதை எடுத்தாளா? இல்லை. விரலும் வளர்ந்தது. "கையைத் தூக்கிக் கொஞ்ச நேரம் வச்சிருக்க முடியாது, தோள் வலிக்கும்" என்றாள். வாண்டு கரண்டியை ஒரு பாட்டு முழுக்கத் தூக்கிப் பிடித்துக் காட்டினாள். "ஸ்கூல்ல பரீட்சை முடியட்டும்" என்றாள். பரீட்சை முடிந்து, லீவு முடிந்து, அடுத்த பரீட்சையும் வந்துவிட்டது.

அதற்குள் வாண்டுவைவிடச் சின்னப் பிள்ளைகள் எத்தனையோ பேர் உள்ளே போய்விட்டார்கள். மருந்துக்கடைக்காரர் பையன் ஒருத்தன், வாண்டுவைவிட ஒரு சாண் குட்டை, மூக்கு ஒழுகிக்கொண்டே வருவான். அவன் முன்னறையில் சரளி வரிசை ஊதுகிறான், என் மகள் வெளியே கரண்டி ஊதுகிறாள். எனக்கு வயிறு எரியுமா எரியாதா?

நான் கேட்கவில்லை என்று நினைக்க வேண்டாம். கரடியாகக் கத்தியிருக்கிறேன். "ஏன்டி, ஊரான் பிள்ளைக்கெல்லாம் சொல்லித்தர உனக்கு நேரம் இருக்கு, நம்ம வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் என்ன?" என்பேன். அவள் குழலுக்குள் துணியை விட்டுத் துடைத்துக்கொண்டிருப்பாள். என் வீட்டுக்காரர் நடுவில் புகுந்து சமாதானம் பேசுவார். டெலிவரி வேன் ஓட்டுகிறவர், வழியில் எந்தச் சண்டை என்றாலும் இறங்கி விலக்கிவிடுவது அவர் பழக்கம். "வீட்டுக்குள்ளயே கத்துக்கறது கஷ்டம்தான். எதிர்த்தெருல கீபோர்டு கிளாஸ் இருக்கே, அங்க விட்டுடலாம்" என்றார். வாண்டு அன்று சாப்பிடவில்லை. "எனக்கு கீபோர்டு வேணாம். சித்திகிட்ட குழல்தான் வேணும்" என்று ஒற்றைக்காலில் நின்றாள். சமாதானம் பேசவந்தவர் வேன் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இப்படியே இழுத்துக்கொண்டு போயிருக்கும். ஒருநாள் கடையிலிருந்து வந்தபோது கதவோரம் வாண்டு இல்லை. முன்னறையில் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. குழம்புக் கரண்டி சமையலறையில் அதன் இடத்தில் தொங்கியது. அதைப் பார்த்ததும்தான் எனக்குப் பகீரென்றது. வாண்டு பின்பக்கம் துணி காயும் இடத்தில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"ஏன்டி இங்க உட்கார்ந்திருக்க? கிளாஸ் நடக்குதே, கேக்கலையா?"

"வேணாம்மா."

"ஏன், சித்தி திட்டினாளா?"

"இல்லம்மா. எனக்கு வராதும்மா." ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள், பென்சில் தீர்ந்துவிட்டது என்று சொல்வது போல. "சித்திக்குத் தெரிஞ்சிருக்கு. எல்லாருக்கும் டெஸ்ட் வைக்கிறால்ல, பார்த்தாலே அவளுக்குத் தெரியும். சொன்னா நான் அழுவேன்னு சொல்லாம இருக்கா."

குழல் வராவிட்டால் போகிறது, உலகத்தில் பாதிப்பேருக்கு வராது. ஆனால் என் பிள்ளை தன்னிடம் ஏதோ கோளாறு இருக்கிறது என்று முடிவுகட்டி, அதைச் சித்தியின் நல்ல மனசு மறைக்கிறது என்று வேறு நினைத்துக்கொண்டு, ஈரத் துணிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறாள். கண் பரிசோதனைக்கு வரும் பிள்ளைகளிடம் இந்த முகத்தைப் பார்த்திருக்கிறேன். எழுத்து தெரியவில்லை என்று சொல்லாமல், தனக்குப் படிப்பு வராது என்றே நம்பிக்கொண்டு வருஷக்கணக்காகக் கடைசி பெஞ்சில் இருந்துவிட்டு வரும் பிள்ளைகள். யாரோ ஒருவர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லாததால் வருகிற வினை அது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, வகுப்பு இல்லாத நேரமாகப் பார்த்து, வாண்டுவின் கையைப் பிடித்து முன்னறைக்கு இழுத்துக்கொண்டு போனேன். என் முகத்தைப் பார்த்ததும் என் வீட்டுக்காரருக்கு டயரில் காற்று அடிக்கும் வேலை ஞாபகம் வந்துவிட்டது.

"இன்னைக்கு ஒண்ணு தெரிஞ்சாகணும்" என்றேன் தங்கையிடம். "ஊருக்கெல்லாம் வைக்கிற டெஸ்டை இவளுக்கும் வை. என் கண்ணு முன்னாடி வை. தேறினா சேர்த்துக்கோ. தேறலேன்னா எதுல தேறலேன்னு அவ மூஞ்சியப் பார்த்துச் சொல்லு."

"அக்கா, இப்ப எதுக்கு..."

"அக்காவும் இல்ல, சுக்காவும் இல்ல. வை."

வாண்டு ஏற்கெனவே ஈயென்று பல்லைக் காட்டிக்கொண்டு நின்றாள். என் தங்கை பல்லைப் பார்த்தாள், பார்க்காமல் இருக்க முடியுமா, அவ்வளவு பெரிய பல். அலமாரியிலிருந்து சின்னக் குழலை எடுத்துக் கொடுத்தாள். வாண்டு துளைகளை மூடினாள். கையைத் திருப்பியபோது ஒவ்வொரு விரலிலும் வட்டம் முழுசாக, சிவப்பாகப் பதிந்திருந்தது. மூலையில் உட்கார்ந்து கேட்பதைப் பற்றிப் பேச்சே இல்லை, பிறந்ததிலிருந்து அதைத்தான் செய்துகொண்டிருக்கிறாள். கடைசியாக சோடா பாட்டில். வாண்டு அதை இரண்டு கையாலும் பிடித்து, உதட்டை வைத்து, ஒரே ஊதில் சத்தம் வரவழைத்தாள். கப்பல் கிளம்புகிற மாதிரி ஒரு சத்தம். மூச்சு தீரும்வரை ஊதிவிட்டு, தலையும் சுற்றாமல், சுவரையும் பிடிக்காமல், சித்தியைப் பார்த்தாள்.

நான் என் தங்கையைப் பார்த்தேன். அவள் வாண்டுவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"அப்புறம் பார்க்கலாம்" என்றாள்.

எனக்கு வந்ததே ஒரு கோபம். வாயைத் திறப்பதற்குள் வாண்டு முந்திக்கொண்டாள். பாட்டிலை மெதுவாக மேஜையில் வைத்துவிட்டு, "சித்தி, என்கிட்ட என்ன சரியில்ல?" என்று கேட்டாள். அழவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற மாதிரி கேட்டாள். என் தங்கை எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள்.

நானும் பின்னாலேயே போனேன். அவள் குழாயைத் திறந்து, கழுவியிருந்த டம்ளரையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள். குழாயை மூடினேன்.

"உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா இல்லையா? அந்தப் பிள்ளை என்ன பாவம் பண்ணிச்சு?"

"நீ பார்த்தியா அக்கா, அவ பாட்டில் ஊதினத?"

"பார்த்தேன். நல்லாத்தான் ஊதினா. உன் ஸ்டூடண்ட் ஒருத்தன்கூட அப்படி ஊதி நான் பார்த்ததில்ல."

"வாயப் பார்த்தியா?"

பார்த்திருந்தேன். எனக்குத் தெரியாதா? முகத்தைப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. வாண்டுவின் உதடு இடது ஓரமாக இழுத்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அது அவள் பால் குடிப்பதிலும் இருக்கிறது, கணக்குப் போடுவதிலும் இருக்கிறது, அதில் என்ன அதிசயம் என்று விட்டுவிட்டேன்.

"அது என் வாய் அக்கா" என்றாள் என் தங்கை. "என் கோணல்."

இதற்கு எங்கள் அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் அப்பாவுக்கு எதிலும் அவசரம். உலை கொதிப்பதற்கு முன்னாலேயே தட்டைப் போட்டுக்கொண்டு உட்காருகிறவர். என் தங்கைக்கு ஐந்து வயதில் ஒரு குழலை வாங்கிக் கையில் கொடுத்து ஊது ஊது என்றார். அப்போது அவளுக்கு முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. நடுவில் வைத்து ஊதினால் காற்றெல்லாம் சந்து வழியாக ஓடிவிடும். அவளாகவே ஒரு வழி கண்டுபிடித்தாள். உதட்டை இடது ஓரத்துக்கு இழுத்து, குழலையும் அங்கே நகர்த்தி ஊதினாள், சத்தம் வந்தது. அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாருக்கும் முன்னால் ஊதவைத்தார். பிறகு பல் முளைத்தது, உதடு மட்டும் அந்த ஓரத்திலேயே நின்றுவிட்டது.

பெரியவளானதும் வானொலித் தேர்வுக்குப் போனாள். துணைக்குப் போனது நான்தான். விரல் சுத்தம், சுருதி சுத்தம், ஆனால் குழலோடு சேர்ந்து காற்றும் கேட்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மறுபடி போனாள், அதே பதில். அதன்பிறகு கண்ணாடி முன்னால் நின்று குழலை நடுவுக்குக் கொண்டுவர மாதக்கணக்கில் பாடுபட்டாள். நடுவில் வைத்தால் சத்தமே வரவில்லை, பழைய இடத்துக்குப் போனால் காற்று. ஒருநாள் விட்டுவிட்டாள். அதற்கப்புறம்தான் வகுப்பு ஆரம்பித்தாள்.

இதெல்லாம் எனக்குத் தெரிந்த கதைதான். தெரியாதது இதற்கும் வாண்டுவுக்கும் என்ன சம்பந்தம் என்பது.

"மத்த பிள்ளைங்க என் வாயப் பார்க்க மாட்டாங்க" என்றாள் என் தங்கை. "ஜன்னலப் பார்ப்பாங்க, கடிகாரத்தப் பார்ப்பாங்க. நான் சொல்றத மட்டும் செய்வாங்க, நேரா ஊதுவாங்க. இவ அப்படி இல்ல. இவ என்னையே பார்த்துக்கிட்டு இருக்கா. நான் வாயால எத்தனை சொன்னாலும் இவ நான் செய்றதத்தான் செய்வா. கொஞ்ச நாள் போனா வேற ஏதாவது பிடிச்சுப்போயி மறந்துடுவான்னு நினைச்சேன். அவ மறக்கல. நான் சொல்லிக்கொடுத்தா அவ வாயும் கெட்டுப்போகும் அக்கா. அப்பா எனக்குப் பண்ணினத நான் இவளுக்குப் பண்ண மாட்டேன்."

அடிப்பாவி! இதைச் சொல்ல இவளுக்கு இத்தனை வருஷமா? இதை ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருந்தால், அந்தப் பிள்ளை துணி காயும் இடத்தில் உட்கார்ந்திருக்குமா? பாவமாகவும் இருந்தது, இரண்டு அறை விடலாம் போலவும் இருந்தது.

"அறிவுகெட்டவளே" என்றேன். "நான் எத்தனை வருஷமா மூஞ்சிக்குக் கண்ணாடி மாட்டறேன் தெரியுமா? நேரான மூஞ்சி ஒண்ணுகூட நான் பார்த்ததில்ல. ஒரு காது மேல இருக்கும், ஒரு காது கீழ இருக்கும். மூக்கு ஒரு பக்கம் போகும். கடைக்கு வர்ற அழகான பொண்ணுங்களுக்கும் அதே கதைதான். கோணலா இருக்கு, அப்புறம் வாங்கன்னா சொல்றேன்? ஃபிரேம வளைச்சு மாட்டி அனுப்பறேன். நீ என்னடான்னா உன் வாயி கோணல்னு அந்தப் பிள்ளை தலையில..."

"அம்மா, கத்தாதே."

வாண்டு சமையலறை வாசலில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ, யார் கண்டார்கள். கையில் அந்தச் சின்னக் குழல்.

"சித்தி, நான் வேணும்னேதான் ஓரத்துல ஊதறேன்" என்றாள்.

நாங்கள் இரண்டுபேரும் திரும்பினோம்.

"நடுவுலயும் எனக்கு ஊத வரும். பாட்டில்ல ஊதிப் பார்த்திருக்கேன். நடுவுல ஊதினா மருந்துக்கடைப் பையன் சத்தம் மாதிரிதான் வருது. உன் சத்தம் மாதிரி வரல. உன்னோடதுல பக்கத்துல யாரோ மூச்சு விடற மாதிரி இருக்கும்ல, அது வரல. எனக்கு அதுதான் வேணும்."

என் தங்கை கையிலிருந்த டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் அடுப்புமேல் வைத்தாள். வானொலிக்காரர்கள் வேண்டாம் என்று சொன்ன அந்தக் காற்று. அதை எடுத்துவிடத்தான் இவள் மாதக்கணக்கில் கண்ணாடி முன்னால் நின்றாள். அதைத்தான் இந்தப் பிள்ளை கதவுக்கு வெளியே கரண்டியை வைத்துக்கொண்டு இத்தனை நாள் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறது. என் தங்கை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நானும் துடைத்துக்கொண்டேன், ஆனால் என் முகத்தில் இருந்தது வியர்வை, சமையலறைச் சூடு.

"என்கிட்ட வேற ஏதாவது சரியில்லையா?" என்று வாண்டு மறுபடி கேட்டாள். அவளுக்கு அந்தக் கேள்வி இன்னும் முடியவில்லை.

"இல்லடி தங்கம்" என்றாள் என் தங்கை. "உன்கிட்ட எல்லாம் சரியா இருக்கு. ரொம்ப நாளாவே சரியா இருக்கு. எனக்குத்தான் பயம்."

"பெரியவங்களுக்கு என்ன பயம்?" என்றாள் வாண்டு.

அன்றைக்கே ஆரம்பித்துவிட வேண்டும் என்று நான் நின்றேன். "நாளும் நேரமும் பார்க்கறேன்னு ஆரம்பிச்ச, அவ்வளவுதான்" என்றேன். கடையிலிருந்து கழித்துக்கட்டிய மேஜைக்கண்ணாடி ஒன்று என்னிடம் இருந்தது, சாய்த்துவைக்கிற கால் உள்ளது. அதைக் கொண்டுவந்து முன்னறையில் வாண்டுவுக்கு எதிரே வைத்தேன். "உன் வாய மட்டும் பாரு. சித்தி வாயப் பார்க்காதே" என்று சொல்லிவிட்டு, தங்கையை அவளுக்குப் பின்னால் உட்காரவைத்தேன். என்ன புத்திசாலித்தனம் என்று எனக்கே பெருமையாக இருந்தது. வாண்டு கண்ணாடியில் தன் வாயை விட்டுவிட்டு, பின்னால் தெரிகிற சித்தியின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் தங்கை பின்னாலிருந்து கையை நீட்டி, குழலை வாண்டுவின் உதட்டின் நடுவில் வைத்தாள். வாண்டு அதை ஓரத்துக்குத் தள்ளினாள். தங்கை மறுபடி நடுவில் வைத்தாள். மறுபடி ஓரத்துக்குப் போனது.

"நடுவுல வை" என்றாள் தங்கை.

"நீ மட்டும் ஓரத்துல வைக்கிற?"

"நான் வைப்பேன். நீ வைக்கக் கூடாது."

"ஏன்?"

"நான் சொல்றேன்ல!"

"அதான் ஏன்னு கேக்கறேன்!"

"அடியே, உயிர வாங்காதடி! நடுவுல வைடின்னா நடுவுல வை!" என்று என் தங்கை கத்தினாள். எந்தப் பிள்ளையிடமும் குரல் உயர்த்தாதவள், பேங்க்காரரின் பையன் அப்பாவின் முழங்காலை உடைத்தபோதுகூட அமைதியாக "அப்புறம்" என்றவள், அந்த முன்னறையில் முதல்முறையாகக் கத்தினாள். எனக்கு அத்தனை வருஷத்துச் சூடும் ஒரே நிமிடத்தில் ஆறியது. நன்றாக அனுபவிக்கட்டும் என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன். டயருக்குக் காற்று அடித்துவிட்டு வந்த என் வீட்டுக்காரர், உள்ளே எட்டிப்பார்த்து, சண்டை முடிந்துவிட்டதா ஆரம்பித்திருக்கிறதா என்று புரியாமல் நின்றார்.

வாண்டு குழலை நடுவில் வைத்து ஊதினாள். முதலில் வெறும் காற்று, பிறகு ஒரு கீச்சு, அதன்பிறகு குழலிலிருந்து முழுசாக ஒரு சத்தம் வந்தது. சுத்தமாக, நேராக இருந்தது. காற்றே கலக்கவில்லை. எனக்கு அது போதும் என்று தோன்றியது. வாண்டு குழலை இறக்கி உதட்டைச் சுளித்தாள்.

"இது நல்லா இல்ல. உன்னோடது மாதிரி இல்ல."

என் தங்கை குனிந்து, வாண்டுவின் தோளில் முகவாயை வைத்து, கண்ணாடியில் அவள் கண்ணைப் பார்த்துச் சொன்னாள்.

"முதல்ல நடுவுல கத்துக்கோ. நடுவுல நல்லா வரட்டும். அப்புறம் உனக்கு ஓரத்துலயும் சொல்லித் தரேன்."

"அப்புறம்னா எப்ப?" என்றாள் வாண்டு.

இந்தத் தெருவே என்னிடம் கேட்கிற கேள்வி அது. என் தங்கை அதற்கு இதுவரை யாருக்கும் பதில் சொன்னதில்லை.

"நாளைக்கு" என்றாள். "ஸ்கூல் விட்டு வந்ததும்."